மூட்டு மூட்டாய் வெட்டிய ஒரு சொல்

நம் ஊர் உதைபந்தாட்ட அணி இந்த வருஷம் கீழே இறங்கிவிட்டது என்று அந்தச் சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் நம் வாட்ஸ்அப் குழுவில் அழுது தள்ளினீர்களே, நான் மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. "எங்கே நம்முடைய பெரிய ரசிகை, ஆளையே காணேல்லை?" என்று ஒருவர் கேட்டும் விட்டார். தமிழ்ப் பாடசாலையில் பந்துக்காகக் கதறி அழுத பெண் என்றுதான் இன்றுவரை உங்களுக்கு என்னைத் தெரியும். அந்தப் பட்டத்தை இத்தனை வருஷமும் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறேன். இப்போது நமக்கும் காதோரம் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. நம் பிள்ளைகளை அதே பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறோம். இனியாவது சொல்லிவிடுகிறேன். எனக்குப் பந்தடி பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. நான் அன்று அழுதது பயத்தில்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. கிளாசனெர்ஹால்ட். பந்தடிக்காரருக்கு அது சாதாரணச் சொல். பருவத்தின் முடிவில் அடி மட்டத்தில் கிடக்கும் அணி, கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படாமல் தன் பிரிவிலேயே தப்பித் தங்கிக்கொள்வதற்கு அந்தப் பெயர். நம் ஊர் அணிக்கு அது ஒவ்வொரு மே மாதமும் வரும் காய்ச்சல். ஆனால் இதையெல்லாம் எனக்கு ஒருவரும் அப்போது சொல்லித் தரவில்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மட்டும் சொல்லித் தந்தவர் அப்பா. அவருக்கும் பந்தடிக்கும் வெகுதூரம்.

அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். கோழி வெட்டுவதில் அவரை அடிக்க அங்கே ஆள் இல்லை. ஜேர்மன் மொழியையும் அவர் கோழி வெட்டுகிற மாதிரித்தான் படித்தார். "நீளச் சொல்லைக் கண்டு பயப்பிடாதை பிள்ளை. எலும்பிலை வெட்டாதை, மூட்டிலை வெட்டு. தானாய்க் கழண்டு வரும்" என்பார். ஹான்ட்ஷூ என்றால் ஹான்ட் கை, ஷூ சப்பாத்து. ஆகவே கையுறை ஒரு கைச்சப்பாத்து. குளிர்சாதனப் பெட்டி குளிர் அலுமாரி. ஆமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை வெட்டினால் கேடயத் தேரை என்று வந்தது. அன்றைக்கு நானும் அப்பாவும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் தன் உள்கூரையில் தடியால் தட்டினார்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் அப்பா என் முன்னால் வெட்டியதில்லை. அப்ஷீபுங். அவரும் அம்மாவும் குசினியில் குரலைத் தாழ்த்திக் கதைக்கும்போது மற்றதெல்லாம் தமிழில் ஓடும், அந்தச் சொல் மட்டும் ஜேர்மனில் வரும். நானே இரகசியமாக வெட்டிப் பார்த்தேன். ஷீபன் என்றால் தள்ளுவது. சைக்கிளைத் தள்ளுவது, கதிரையைத் தள்ளுவது. அப் என்றால் அப்பால். அப்பால் தள்ளுவது. யாரை, எங்கே என்று கேட்டதற்கு, "அது பெரியாக்களின்ரை கதை, நீ போய்ப் படி" என்றார் அம்மா.

டுல்டுங் என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இருக்க உனக்கு அனுமதி இல்லை, ஆனால் இப்போதைக்கு அப்ஷீபுங் இல்லை, உன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்று சொல்லும் தாள் அது. சில மாதங்களுக்கு ஒருமுறை போய் நின்று நீட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கள் வீடு அந்தத் தாளில் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் இருந்த நீல நிறப் பயணப் பை. அது நிரம்பிக் கனமாக இருந்தது. அதைத் தொட்டால் அடி விழும். விடியக் காலையில் கீழே தெருவில் கார்க் கதவு அடிபடும் சத்தம் கேட்டால் அம்மா எழும்பித் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பார். வீட்டுக்குள்ளேயும் தெருவுக்குப் போகிற உடுப்போடுதான் படுப்பார். ஜேர்மன் குளிருக்காக எல்லா அம்மாக்களும் அப்படித்தான் படுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் நான் ஜேர்மன் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு. யூரோக் காசு வந்து, பழைய காசு அம்மாவின் தையல் டப்பாவில் விளையாட்டுச் சாமானாகிவிட்ட காலம். என் பக்கத்து இருக்கையில் இருந்தவள் எங்களைப் போலவே, ஆனால் வேறொரு நாட்டில் நடந்த வேறொரு சண்டைக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மனும், மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்ளும் சாப்பாடும்தான். எனக்கு அவளுடைய கீரை வைத்த ரொட்டி, அவளுக்கு என்னுடைய ரோல்ஸ். உறைப்பில் அவளுக்கு மூக்கு ஓடும். ஆனாலும் விடமாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வகுப்பறைக்கு வெளியே ஒவ்வொருவருக்கும் பை மாட்ட ஒரு கொளுக்கி உண்டு, அதன் கீழே வகுப்புக்குள் போடும் துணிச் செருப்பு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அவளுடைய செருப்பு முயல் வடிவத்தில் இருக்கும். ஒரு முயலின் காது பிய்ந்து நூலில் தொங்கும். அந்தச் செருப்பு அங்கேயே இருந்தது. எங்கள் வகுப்பாசிரியை கரும்பலகையைத் துடைத்தபடியே, எங்கள் பக்கம் திரும்பாமல், "அவள் இனி நம் வகுப்பில் இருக்கமாட்டாள்" என்றார். அதற்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார், பாவம். ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் பாதிச் செய்தியைக் கொடுத்தால் மீதியை அவர்கள் என்னவாகக் கட்டி எழுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. "விடியவோ பொலிஸ் வந்தது?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கண்ணால் என்னைக் காட்டினார். பேச்சு அத்தோடு வெட்டுப்பட்டது.

பிறகு வந்தது அந்தச் சொல்.

பாடசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரை உங்களுக்கு மறந்திருக்காது. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. மே மாதத்திலும் கழுத்தில் நம் அணியின் நீல வெள்ளைக் கம்பளிச் சால்வை. பாடசாலையின் எந்தக் கதவும் அவர் இல்லாமல் திறக்காது. ஆகவே வகுப்பாசிரியைக்கும் மேலே உள்ள ஆள் அவர்தான் என்பது என் கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமை, நான் கொளுக்கியில் பையை மாட்டிக்கொண்டு நிற்க, அவர் வகுப்பாசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாளைக்குத் தோற்றால் எல்லாம் முடிந்தது. கிளாசனெர்ஹால்ட் போய்விடும்."

அவர் நின்றது பாடசாலைத் தாழ்வாரத்தில். அவருக்குப் பின்னால் சொந்தக்காரி இல்லாத முயல் செருப்பு. கிளாஸ் என்றால் வகுப்பு என்பது எனக்குத் தெரியும். நான் எப்படி வேறு விதமாக விளங்கிக்கொள்வேன், சொல்லுங்கள்?

தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, "எங்களுக்குமா?" என்று கேட்டேன்.

ஹவுஸ்மைஸ்டர் குனிந்து என்னைப் பார்த்தார். ஒரு சின்னத் தமிழ்ப் பெண்ணும் அணியை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். என் தலையில் கை வைத்து, "எங்கள் எல்லோருக்கும்தான், பிள்ளை" என்றார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

அன்று மத்தியானம் அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது கேட்டேன். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொல்லை எடுத்து மூட்டில் வைத்து வெட்டினார்.

"கிளாஸ் எண்டா வகுப்பு. எர்ஹால்ட் எண்டா, கிடக்கிறதை விடாமல் வைச்சிருக்கிறது. வகுப்பிலை தொடர்ந்து இருக்க விடுறது. ஏன், ரீச்சர் ஏதும் சொன்னவவோ?"

"இல்லை."

"நீ நல்லாய்ப் படிக்கிறனி. உன்னை இருக்க விடுவினம். யோசியாதை."

அப்பா நான் வகுப்பேற்றத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். எனக்கோ எல்லாம் பொருந்திவிட்டது. எங்கேயோ ஒரு விளையாட்டு நடக்கிறது. நம் ஊர் தோற்றால், வகுப்பில் இருக்க விடமாட்டார்கள். முதலில் போகிறவர்கள் அரைகுறை ஜேர்மன் கதைக்கிறவர்கள். அவளுக்கு அடுத்தது நான். போன கிழமை நம் ஊர் தோற்றதாகப் பெடியன்கள் கதைத்தது ஞாபகம் வந்தது. அவள் திங்கட்கிழமை வரவில்லை.

உடனே பாடசாலைக்குத் திரும்பி ஓடினேன். பின்னேரப் பராமரிப்புக்கு நிற்கும் பிள்ளைகளுக்காகக் கதவு திறந்திருந்தது. என் கொளுக்கியின் கீழ் இருந்த செருப்பை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் போன பிறகு அது அங்கே தனியாகக் கிடக்கக் கூடாது என்று பட்டது.

"ஏன் பிள்ளை செருப்பைக் கொண்டு வந்தனி?" என்று அம்மா கேட்டார்.

"தோய்க்க."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைத் தோய்த்து ஹீற்றரில் காயப்போட்டார். காய்ந்ததும் எடுத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கம் போனார். நீலப் பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை அதே கட்டடத்தில்தான் நடந்தது, அதுவும் எனக்கு என் சொந்த வகுப்பறையில். நிலத்துக்குப் பூசும் மெழுகு வாசம், ஈரப் பஞ்சு வாசம், இடைவேளைக்கு அம்மாக்கள் கொண்டு வரும் வடை வாசம். வெக்கையான நாள். யன்னல் எல்லாம் திறந்திருந்தது. கீழே முற்றத்தில் ஹவுஸ்மைஸ்டர் சைக்கிள் நிறுத்தும் கம்பிகளுக்குப் பச்சை வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வர்ணத் துளி தெறித்த ஒரு வானொலி.

நம் தமிழ் ரீச்சர் சொல்வதெழுதல் வைத்த நாள் அது. உங்களுக்கு அந்தக் கொப்பியில் சிவப்பு மைதான் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த வானொலி. எல்லா மைதானங்களில் இருந்தும் மாறி மாறி ஒலிபரப்புவார்கள். ஓர் ஊர்க்காரர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னோர் ஊர்க்காரர் "டோர்!" என்று குறுக்கே விழுந்து கத்துவார். கோல் யாருக்கு என்று தெரிவதற்குள் எனக்கு மூச்சு நின்று திரும்பும். டோர் என்றால் பெரிய வாசல் கதவு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. எனக்கு முதலில் தெரிந்த அர்த்தம் அதுதான். கதவு, கதவு என்று யாரோ அலறுகிறார்கள், எந்தக் கதவு என்று சொல்கிறார்கள் இல்லை.

"மழை," என்றார் ரீச்சர்.

கீழே வானொலி கத்தியது. ஹவுஸ்மைஸ்டர் தூரிகையை வாளிக்குள் எறிந்தார். நம் ஊருக்கு எதிராகக் கோல்.

"மலை. எழுதுங்கோ, வெளியிலை பாக்காதேங்கோ. மழைக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பாக்கப்போறன்."

நான் கையை உயர்த்தினேன். "ரீச்சர், கக்கூசுக்குப் போகவேணும்."

போனேன். படிக்கட்டு யன்னலில் நின்று கேட்டேன். திரும்பி வந்தேன். அடுத்த "டோர்!" கேட்டதும் மறுபடி கையை உயர்த்தினேன். பிறகும் உயர்த்தினேன்.

"என்ன பிள்ளை, வயித்துக்கை ஏதும் செய்யுதோ? அம்மாவுக்குப் போன் அடிச்சுச் சொல்லட்டோ?"

"வேண்டாம் ரீச்சர்!"

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பின் வாங்கில் இருந்த ஒருவர், "ரீச்சர், அவ மெட்ச் கேக்கப் போறா" என்று கோள் மூட்டினார். அது யார் என்று இங்கே எழுத மாட்டேன். அவருக்கே தெரியும், இப்போது வக்கீல். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது சிரிப்பு. "உதென்ன பந்துப் பைத்தியம், பொம்பிளைப் பிள்ளைக்கு" என்றார். அன்று ஒட்டிக்கொண்டது எனக்கு அந்தப் பெயர்.

இடைவேளை விட்டபோது நம் ஊர் இன்னும் பின்னால்தான். வெல்லவே வேண்டும், சமன் செய்தாலும் காணாது என்று பெடியன்கள் கதைத்தார்கள். நீங்கள் வடையைக் கடித்துக்கொண்டு வானொலியைச் சுற்றி நின்றீர்கள். ஹவுஸ்மைஸ்டர் சால்வையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்கு அது விளையாட்டு. யாருடைய முகத்திலும் பயத்தைக் காணாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒருவேளை இவர்கள் எல்லோருக்கும் நீலப் பை இல்லையோ, இவர்கள் எல்லோரும் இருந்துவிடுவார்களோ, நான் மட்டும்தான் போக வேண்டுமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உங்களில் இன்னும் சிலர் வீட்டிலும் பை இருந்தது என்பதை முப்பது வயதுக்குப் பிறகுதான் ஒவ்வொருவராகச் சொன்னீர்கள். அன்று சொல்லியிருந்தால் நாம் சேர்ந்தாவது பயந்திருக்கலாம்.

மணி அடித்தும் ஒருவரும் உள்ளே போகவில்லை. ரீச்சரும் இறங்கி வந்துவிட்டார், எங்களைக் கலைக்க என்று சொல்லிக்கொண்டு. வந்தவர் போகவில்லை. நம் ஊர் ஒரு கோல் திருப்பிப் போட்டபோது ஹவுஸ்மைஸ்டர் ரீச்சரைக் கட்டிப்பிடித்தார். ரீச்சரின் சேலையில் பச்சை வர்ணம் கையளவு ஒட்டியது. அதைக் கவனிக்கவும் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

பிறகு வந்தது மகா மோசமான பகுதி. நேரம் முடியப் போகிறது என்று வானொலிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். பாவாடை நுனியை முறுக்கி முறுக்கி விரல் வெளுத்துவிட்டது. தெரிந்த தேவாரம் ஒன்றைச் சொல்லப் பார்த்தேன், இரண்டாம் அடி வரவில்லை. அவளுடைய முயல் செருப்பை நினைத்தேன். அவள் இப்போது எங்கே, எந்தச் செருப்போடு நடக்கிறாள் என்று முதல் தடவையாக நினைத்தேன். வேறு ஏதோ ஊரைப் பற்றி ஒருவர் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வெட்டிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"டோர்!"

எந்த ஊர்? சொல்லவில்லை. சனத்தின் இரைச்சல் மட்டும் வானொலியை நிறைத்தது. ஹவுஸ்மைஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாளியைப் பார்த்தபடி நின்றேன், பச்சை வர்ணத்தில் ஓர் இலையான் சிறகும் காலும் பின்னித் தத்தளித்தது. பிறகு அந்தக் குரல் நம் ஊரின் பெயரைச் சொன்னது.

நான் அழத் தொடங்கியது அப்போதுதான். நீங்கள் கண்ட அழுகை அது. நிலத்தில் குந்தி, மூக்கால் ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். ஹவுஸ்மைஸ்டர் தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினார். முடிவு விசில் ஊதியதும் அவரும் அழுதார். "விர் பிளைபன் டிரின்!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். அதை நான் வெட்டத் தேவையில்லை. நாங்கள் உள்ளேயே இருக்கிறோம்.

வீட்டுக்கு ஓடினேன். தெரு முழுக்க அதே கூச்சல். கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின, ஆட்கள் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டுக் கொடி ஆட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு மனிசி என்னைத் தூக்கிச் சுற்றி இறக்கி விட்டார். எங்களை இருக்க விட்டதற்கு இந்த ஊர்ச்சனம் இவ்வளவு சந்தோஷப்படுகிறதா என்று எனக்கு ஆச்சரியம். படிக்கட்டிலேயே கத்தத் தொடங்கினேன்.

"அம்மா! எங்களை இருக்க விட்டிட்டினம்! நாங்கள் போகத் தேவையில்லையாம்!"

அம்மா கதவைத் திறந்தார். கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"என்ன சொல்லுறாய்?"

"நாங்கள் இருக்கலாமாம் அம்மா! இனி அனுப்பமாட்டினம்!"

"ஆர் சொன்னது?"

"ரேடியோவிலை சொன்னவை! ரீச்சரும் கேட்டவ! ஊர் முழுக்கக் கத்துது, வந்து பாருங்கோ!"

அந்தக் காலத்தில், கனகாலம் இங்கே இருந்த குடும்பங்களை இனி இருக்கவே விடப்போகிறார்கள் என்று ஒரு கதை தமிழ்ச் சனத்துக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று எல்லோரும் காது கொடுத்திருந்தார்கள். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அம்மா யன்னலடிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். கொடியும் ஹோர்னும் ஆட்டமுமாக இருந்தது. அவர் அப்படியே நிலத்தில் அமர்ந்தார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் தலையில் முகத்தைப் புதைத்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தில் அழுதார். வெங்காய வாசமும், சால்வையில் இருந்த வர்ண வாசமும், சிகரெட் வாசமும் சேர்ந்து என் மூக்கில் அடித்தன.

பிறகு எழும்பினார். கதவுக்குப் பின்னால் இருந்த நீலப் பையை இழுத்து வந்து கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினார். அதற்குள் என்ன இருந்தது என்று அன்றுதான் கண்டேன். என் மாரிகாலச் சட்டை. எனக்கு இன்னும் அளவாகாத, பெரிய அளவுச் சட்டை ஒன்று. அம்மாவின் கூறைச் சேலை. படங்கள் வைத்திருந்த பிஸ்கட் டின். காய்ச்சல் மருந்து. ஹீற்றரில் காயவைத்த என் செருப்பு. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினார், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு. அம்மாவுக்குப் பாட்டு வரும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். அடுக்கி முடிந்ததும் அப்பாவின் உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சரப்பா, கேள்விப்பட்டனீங்களே? விட்டிட்டினமாம்! பிள்ளை வந்து சொன்னவள். ஊரே கொண்டாடுது!"

அப்பாவின் உணவகமும் அப்போது பியர் கிளாசும் பாட்டுமாக நீல வெள்ளைச் சால்வைக்காரரால் நிரம்பி வழிந்திருக்கும். அவருக்கு உடனேயே விளங்கியிருக்க வேண்டும்.

"வை. வாறன்" என்றார்.

அம்மா ரவையை வறுத்துக் கேசரி கிண்டத் தொடங்கினார். அப்பா வந்தபோது வீடெல்லாம் நெய் மணம். அவர் ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தார். குசினி வாசலில் நின்று அம்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் இருந்த சால்வையைப் பார்த்தார்.

"அது பந்தடியப்பா," என்றார் மெதுவாக. "ஊர் டீம் தப்பியிட்டுது. அதுக்குத்தான் சனம் கத்துது. எங்களைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அகப்பை சட்டிக்குள் சுற்றுவதை நிறுத்தியது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல முயன்று இத்தனை வருஷம் தோற்றுப் போயிருக்கிறேன். கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணுக்குள் இருந்து யாரோ எழும்பிப் போனது தெரிந்தது. அடுப்பில் கேசரி அடிப்பிடித்து மணந்தது. அப்பாதான் அடுப்பை நிறுத்தினார். அவர் கதிரையில் அமர்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் வெட்டித் தந்த சொல்தான் இது என்று அவருக்கு அப்போது தெரியாது. பின்னாளிலும் நான் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது விளையாட்டு முடிந்தால் முடிந்துவிடும் பயம். இது விசில் ஊதாத பயம். அப்ஷீபுங் என்ற சொல்லை யாரும் வெட்டித் தராமலே முழுதாக விளங்கிக்கொண்டேன். அது அந்தப் பையும், அம்மாவின் உடுப்பும், விடியக்காலைக் கார்க் கதவும், முயல் செருப்பும் சேர்ந்த ஒரு சொல்.

கனநேரத்துக்குப் பிறகு அப்பா எழும்பிப் படுக்கையறைக்குப் போனார். வெறும் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அடுக்குவமே திருப்பி? நான் எடுத்துத் தாறன்."

அம்மா சட்டியில் கருகாத பக்கத்தில் இருந்து கேசரியை வழித்து எனக்கு ஒரு தட்டில் போட்டார். அப்பாவுக்கும் போட்டார்.

"இனி என்னாலை ஏலாது," என்றார். "வந்தால் வரட்டும். வாற நேரம் பாப்பம். அதுவரைக்கும் பிள்ளையின்ரை உடுப்பு அலுமாரிக்கை கிடக்கட்டும்."

அந்தப் பையை அம்மா அதற்குப் பிறகு அடுக்கவே இல்லை. அது கட்டிலின் கீழே சப்பையாகக் கிடந்தது. வருஷங்கள் போக, ஒரு குடிபெயர்வில் எங்கேயோ தொலைந்தும் போனது. திங்கட்கிழமை காலையில் என் செருப்பை என் கையில் தந்து, "கொண்டுபோய் வைச்ச இடத்திலை வை" என்றார். வைத்தேன். முயல் செருப்பை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். யாரையும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. விடியக்காலைக் கார்ச் சத்தத்துக்கு அம்மா தொடர்ந்தும் எழும்பினார், நானும் அவரோடு எழும்பத் தொடங்கினேன். இருவரும் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்போம். ஆனால் இரவு உடுப்போடு.

இருக்கலாம் என்ற அனுமதி கடைசியில் வந்தது. பல வருஷம் கழித்து, மழை தூறிய ஒரு சாதாரண நாளில். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அம்மா அந்த அனுமதி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வழியில் மீன் வாங்க வேண்டும் என்றார். ஆனால் ஒவ்வொரு மே மாதமும், பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, எந்த ஊரில் நான் இருந்தாலும் அம்மாவிடம் இருந்து அழைப்பு வரும். பந்தடியில் எத்தனை பேர் ஒரு பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. "என்ன பிள்ளை, இருக்கிறமோ?" என்று கேட்பார். "ஓம் அம்மா, இருக்கிறம்" என்பேன். வைத்துவிடுவார்.

இந்த வருஷம் நீங்கள் எல்லோரும் அழும் முகங்களைக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி அடித்தது. உடனே எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்த வயதில், இந்த நாட்டுக் கடவுச்சீட்டு மேசை லாச்சிக்குள் கிடக்க, வரவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"என்ன பிள்ளை, இருக்கிறமோ?"

"இல்லை அம்மா. இந்த முறை இறக்கிப் போட்டினம்."

அந்தப் பக்கம் அம்மா மூச்சு விடுவது கேட்டது. பின்னால் அவருடைய குசினியில் ஏதோ தாளிபட்டது.

"அவை போனால் போகட்டும்," என்றார். "நாங்கள் இருக்கிறம்தானே."